படகுக்கு வைத்த பொட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தீவின் பத்து மாவுங் ஜெட்டியில் என் படகு மஞ்சளாகத் தண்ணீர் கக்கியது.

படகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவது ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும்... அவ்வளவு சின்ன ஃபைபர் படகு. பின்னால் ஒரே ஒரு எஞ்சின். அடிவயிற்றில் சேரும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு குட்டி பம்ப். வழக்கமாக அது எப்போதாவது ஒரு வாய் துப்பும், அப்புறம் பேசாமல் இருக்கும். அன்று நிறுத்தாமல் ஊற்றியது. அதுவும் மஞ்சளாக.

பக்கத்துப் படகில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஹமீது அண்ணன் எட்டிப் பார்த்தார். ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை வைத்திருப்பவர். எதைப் பார்த்தாலும் அவருக்குக் கடை அடுப்பில் கொதிக்கும் ஏதாவது ஒன்று ஞாபகம் வந்துவிடும்.

"என்னா தம்பி, படகு டால்ச்சா ஊத்துது?"

டால்ச்சா என்பது அவர் கடையின் மஞ்சள் பருப்புக் குழம்பு. நான் சிரிக்கவில்லை. படகில் என்னோடு இருந்த என் மச்சான் குணாவும் சிரிக்கவில்லை. ஜெட்டிப் படியில் என் மனைவி கோமதி நின்றிருந்தாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லாக் கொக்கியையும் போட்டு, கையில் தூண்டிலோடு... ஒன்றரை வருடத்துக்குப் பிறகு படகில் ஏறுவதற்காக.

அவள் அந்த மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கோமதியின் முதுகிலிருந்து தொடங்க வேண்டும்.

கோமதி அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்ப் பேச்சில் 'மிஸ்ஸி'. ஹமீது அண்ணன் இன்றைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் மற்ற மிஸ்ஸிகள் தூங்கப் போவார்கள். இவள் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டால், "வார்டுல எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. மீனு கூப்பிடாது" என்பாள்.

நான் தூண்டில் போட்டால் பிளாஸ்டிக் பை வரும். அவள் போட்டால் மீன் வரும். விரலில் தூண்டில் நரம்பு லேசாக இழுபடும்போதே, "கெலாமா..." என்பாள். இன்னொரு முறை, "இது செனாங்கின், சும்மா இருங்க" என்பாள். மேலே வந்து பார்த்தால் அந்த மீனாகத்தான் இருக்கும். ஆகவே எங்கள் குடும்பத்தில் வேலைப் பிரிவினை மிகத் தெளிவு. நான் டிரைவர். அவள் மீனவர். படகு வாங்கியதே அவள் ஓய்வு பெற்ற பிறகு அவளுக்காகத்தான். நான் ஆசைப்பட்டது என்னவோ ஒரு நல்ல சாய்வு நாற்காலிக்கு.

வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. முதுகு போய்விட்டது.

படகு காரணமில்லை. வாழ்நாள் முழுவதும் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, உட்கார வைத்த முதுகு அது. ஒருநாள் காலை கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முதுகெலும்பில் ஆபரேஷன். நல்ல டாக்டர், நல்ல கை. இன்று நிமிர்ந்து நடக்கிறாள், சமைக்கிறாள், நான் துண்டைக் கட்டிலில் போட்டால் பழைய வேகத்திலேயே திட்டுகிறாள். கடவுளுக்கு நன்றி. ஆனால் டாக்டர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார் – குலுக்கல் கூடாது.

சின்னப் படகு என்றாலே குலுக்கல்தானே?

வேகம் எடுக்கும்போது எங்கள் படகு மூக்கைத் தூக்கிக்கொள்ளும். பின்பக்கம் அமுங்கும். ஓட்டுகிற எனக்கு எதிரே கடல் தெரியாது, வானம்தான் தெரியும். அப்புறம் அந்த மூக்கு ஒவ்வோர் அலையிலும் இறங்கி அடிக்கும். தடால்... தடால்... முதுகு நன்றாக இருக்கிறவனுக்கே பல் ஆடும். ஆபரேஷன் செய்த முதுகை அதில் எப்படி உட்கார வைப்பது?

ஆகவே நான் மட்டும் போய் வந்தேன். நானாகப் போகவில்லை, அவள் அனுப்பினாள். "எஞ்சினைச் சும்மா போட்டா கெட்டுடும். போய் ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க" என்று சாப்பாடும் கட்டிக் கொடுத்துவிடுவாள். நான் ஜெரெஜாக் தீவுப் பக்கம் போய், நங்கூரத்தைப் போட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். வந்ததும் விசாரணை தொடங்கும். தண்ணீர் தெளிவா, கலங்கலா? காற்று எந்தப் பக்கம்? பறவை ஏதாவது ஒரே இடத்தில் வட்டம் போட்டதா? எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. சோறு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

அவளுடைய தூண்டில்கள் ஸ்டோர் ரூமில் சாத்தியிருக்கும். மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பாள். சுருளைக் கழற்றி எண்ணெய் போட்டு, சுற்றிப் பார்த்து, மறுபடியும் சாத்தி வைப்பாள். தண்ணீரையே பார்க்காத தூண்டிலுக்கு எண்ணெய் எதற்கு? நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்த நாட்களில் ஸ்டோர் ரூம் பக்கம் போகாமல் பேப்பர் படிப்பேன்.

இந்தக் கதையை ஒருநாள் ஹமீது அண்ணனின் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு மீன் தலைக் கறி ஊற்றிக்கொண்டே, "டிரிம் டேப் போடுங்க தம்பி. என் படகுல போட்டிருக்கேன்ல, பார்த்ததில்லையா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். படகின் பின்சுவரின் அடியில், எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் தகடுகள். கீல் வைத்த கதவு மாதிரி ஆடும். ஸ்டியரிங் பக்கத்தில் பட்டன். அழுத்தினால் சின்ன மோட்டார் தகட்டைக் கீழே தள்ளும். ஓடுகிற தண்ணீர் அந்தத் தகட்டை மேலே தூக்கப் பார்க்கும். அதனால் பின்பக்கம் உயரும், மூக்கு இறங்கும். படகு தரையில் போகிற மாதிரி மட்டமாகப் போகும். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் அதையும் சரி செய்துகொள்ளலாம். குலுக்கல் மொத்தமாகப் போய்விடாது. ஆனால் தடால் என்பது தட் என்று ஆகிவிடும்.

அதே டாக்டரிடமே போய்க் கேட்டோம். தாளில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். அவர் படத்தையும் பார்த்தார், கோமதியின் முகத்தையும் பார்த்தார். அமைதியான கடலாக இருந்தால், மெதுவாகப் போவதானால், சரி என்றார்.

குணாவுக்கு ஃபோன் போட்டேன்.

குணா கோமதியின் தம்பி. பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கிற ஒரு ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாட்டு எஞ்சினியர். அங்கே தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஒரு தூசி விழுந்தால் ஒரு மீட்டிங் போடுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சோபாவில் உட்காரும் முன் கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பவன் அவன். ஆனால் அக்காவுக்கு ஒரு வேலை என்றால் ஓடி வருவான். சனிக்கிழமை சனிக்கிழமையாக, தன் வீட்டு வேலையை எல்லாம் போட்டுவிட்டு, டிரில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூலி – கோமதியின் கோழிப் பிரட்டல். மச்சான் வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும்.

படகு எங்கள் வீட்டு முன்னால் டிரெய்லரில் நின்றது. தகட்டை வைத்து அளந்தான், கழற்றினான், மறுபடியும் அளந்தான். பென்சிலால் குறித்தான். துளை போட்டான். படகின் பின்சுவரில் டிரில் இறங்கும் சத்தம் இருக்கிறதே... மிதக்க வேண்டிய பொருளில் நாமே ஓட்டை போடுகிறோமே என்று நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"கவலப்படாதீங்க அத்தான். எல்லா ஓட்டையிலயும் சீலன்ட் போட்டு அடைச்சிடுவேன். ஒரு சொட்டு வராது. ஆனா பசை ஒட்டணும்னா எடம் சுத்தமா இருக்கணும். அதான் முக்கியம்."

கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு துணியில் அசிட்டோன் ஊற்றி, ஒவ்வோர் ஓட்டையாகத் துடைத்தான். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை மோட்டாருக்குப் போகும் வயருக்கு. படகின் உள்ளேயே திறப்பது. அதை இரண்டு தடவை துடைத்தான். வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் ஒரு விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க அத்தான். விரல்ல எண்ணெய் இருக்கும். அது பட்டாலே பசை பிடிக்காது."

மறுபடியும் துடைத்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

அப்போதுதான் கோமதி தாம்பாளத்தோடு வெளியே வந்தாள்.

வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், சூடம். கிண்ணம் நிறையச் சந்தனம், மஞ்சள் கலந்து, பன்னீர் விட்டுக் குழைத்தது. பக்கத்தில் குங்குமம். வண்டி வாங்கினால் பூசை போடாமல் ஓட்டுவோமா? படகு வாங்கியபோதும் போட்டோம். இப்போது புதுச் சாமான் ஒன்று ஏறுகிறது. அதுவும் அவளுக்காக ஏறுகிறது. சாமி கும்பிடாமல் எப்படி?

"எங்கெல்லாம் மாட்டப் போறீங்களோ அங்க வச்சிடறேன்" என்றாள்.

மூன்று விரலையும் சந்தனத்தில் தோய்த்தாள். ஒவ்வோர் ஓட்டை மேலும் நிதானமாக, அழுத்தி, ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். ஒன்றையும் விடவில்லை. வயர் போகும் பெரிய ஓட்டைக்குப் பெரிய பொட்டு. முதுகு வலிக்கும், குனியாதே என்றேன். சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சூடம் காட்டினாள். நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

நான் குணாவைப் பார்த்தேன். என் ஒரு விரலுக்கு அந்தக் கூச்சல் போட்டவன் அவன். குணா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமதி உள்ளே போனதும், துடைக்கப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் துணியைக் கையில் எடுத்தான். பொட்டுகளைப் பார்த்தான். துணியைக் கீழே வைத்தான். பொட்டுக்கு மேலேயே பசையைப் பிதுக்கி, தகட்டை வைத்து, திருகை முடுக்க ஆரம்பித்துவிட்டான். எஞ்சினியருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? நானும் திருகுகளை எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு விஷயமும் உண்டு. மனைவி வைத்த பொட்டை அழித்தால் ஆபத்து யாருக்கு என்று நம் ஊரில் சொல்வார்கள்... அந்தத் துணியை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஒரு வாரம் காய விட்டோம். அடுத்த ஞாயிறு கடலில் இறக்கினோம். முதலில் நானும் குணாவும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது, சரியாக இருந்தால் வந்து கோமதியை ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

எப்படி ஓடியது தெரியுமா? பட்டனை அழுத்தியதும் மூக்கு பணிவாக இறங்கியது. முதல் தடவையாக எனக்கு எதிரே கடல் தெரிந்தது. பெருநிலத்துக்குப் போகிற இரண்டாவது பாலம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. மெதுவாகப் போனாலும் மட்டமாகப் போனது. "அத்தான், அக்காவ ஏத்திக்கலாம்" என்று குணா கத்தினான். தூரத்திலிருந்தே கையை ஆட்டினோம். படியில் நின்றவள் தூண்டிலைத் தூக்கி ஆட்டினாள்.

ஜெட்டியை நெருங்கி வேகத்தைக் குறைத்தேன். பம்ப் ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் டால்ச்சா.

படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கோமதி காரில் லைஃப் ஜாக்கெட்டோடேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் வந்துதான் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். எனக்குத் தாங்கவில்லை. ஆசையைக் காட்டி மோசம் செய்துவிட்டோமே என்று கோபம் – படகின் மேல், கடலின் மேல், என் மேல்.

"போதும், வித்துடலாம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள்.

"ஏன் ஒழுவுது குணா?"

குணா படகின் பின்னால் குந்தி உட்கார்ந்தான். திருகுகளைக் கழற்றி, பசையின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். எண்ணெய் விட்ட கல்லிலிருந்து தோசை வருகிற மாதிரி அலுங்காமல் முழுசாகக் கழன்று வந்தது. அதன் பின்னால்... சந்தனமும் குங்குமமும், வைத்தது வைத்தபடி. வயர் ஓட்டையில் மட்டும் பாதிப் பொட்டுக் கரைந்து போயிருந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்று ஜெட்டியில் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

"பொட்டு மேல பசை பிடிக்காதுக்கா. பவுடரு மாதிரி நடுவுல நின்னுடும்."

"இது ஒனக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா தொடைக்க வேண்டியதுதானே லா?"

குணா பசைத் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"ஆபரேஷன் அன்னிக்கிக் காலையில ஒன் நெத்தியில இருந்த பொட்ட பஞ்ச வச்சித் தொடைச்சாங்கல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். அதுக்கப்புறம் ஒன்ன உள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. கதவு சாத்திட்டாங்க. அன்னிக்கி எனக்கு... ஒன் பொட்ட அழிக்கிறதுன்னா என்னால முடியாதுக்கா."

எனக்கு இது புதுச் செய்தி. அன்றைக்கு நான் கீழே கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது குணா வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஏதோ ஃபோன் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோருமே கொஞ்சம் குணாதான் இல்லையா? அன்பானவர்கள் வைத்துவிட்ட ஒன்றை எடுக்க மனம் வராமல் ஒழுகவிடுகிறவர்கள். அத்தை வாங்கிக் கொடுத்தார் என்பதற்காக, கதவைத் திறக்கவிடாத அலமாரியை அதே இடத்தில் வைத்து, பக்கவாட்டில் நுழைந்து பழகிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். சித்தப்பா சேர்த்துவிட்டார் என்பதற்காகப் பிடிக்காத படிப்பை முடித்தவர்கள் தெரியும். தவறு என்று தெரியாமலா இருக்கிறோம்? தெரியும். நன்றாகத் தெரியும். துணியையும் கையில் எடுப்போம். அப்புறம் கீழே வைத்துவிடுவோம்.

கோமதி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் எத்தனை பேருக்குத் தொடச்சிருக்கேன் தெரியுமா?" என்றாள். "தியேட்டருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுக்கணும். பொட்டு, வளையல், தாலி... சில அம்மாங்க என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவாங்க. வெளிய வந்ததும் நானே வச்சி விடறேம்மான்னு சொல்வேன். வச்சும் விட்டிருக்கேன். பொட்டு வைக்கிறது எதுக்கு? நல்லா இருக்கணும்னு. தொடச்சாத்தான் நல்லா ஆவும்னா தொடச்சிட வேண்டியதுதான். கொண்டா அந்தத் துணிய."

கையுறை மாட்டிக்கொண்டாள். அந்த அழகைப் பார்க்க வேண்டுமே... எத்தனையோ வருடம் மாட்டிய கை. அசிட்டோன் வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு பொட்டு, அடுத்த பொட்டு... துணி மஞ்சளானது, சிவப்பானது. புதுத் துணி கேட்டாள். குணா எடுத்துக் கொடுத்தான். வயர் ஓட்டைக்கு வந்ததும் துணியின் முனையைத் திருகி உள்ளே விட்டு, காயத்தைச் சுத்தம் செய்கிற மாதிரி சுற்றி எடுத்தாள். கடைசியில், "இப்ப பாரு, போதுமா?" என்றாள்.

குணா குனிந்து பார்த்தான். பேட்டரி விளக்கு அடித்துப் பார்த்தான்.

"எங்க ஃபேக்டரியிலகூட இவ்ளோ சுத்தம் இல்லக்கா" என்றான்.

புதுப் பசை, புது முடுக்கல். எல்லாம் முடிந்து அவன் எழுந்து நிமிர்ந்ததும் கோமதி உள்ளே போய் அதே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குத் திக்கென்றது. அவள் நேராகத் தம்பியிடம்தான் கேட்டாள்.

"இப்ப எங்க வைக்கலாம், சொல்லு."

"ஸ்டியரிங்ல வைக்கா. எவ்ளோ பெருசா வேணும்னாலும் வை."

வைத்தாள். எவ்வளவு பெரிதாக என்றால், இப்போது நான் ஓட்டிவிட்டு வந்தால் என் உள்ளங்கை சுபகாரியத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது.

மறுபடியும் ஒரு வாரம். இந்தத் தடவை குணா தனியாகவே படகைக் கொண்டுபோய், தண்ணீரில் நிறுத்தி, அடிவயிற்றில் டிஷ்யூ பேப்பர் விரித்து வைத்துச் சோதித்தான். டிஷ்யூ நனையவில்லை. அதை மடித்து எடுத்து வந்து அக்காவிடம் ரிசல்ட் பேப்பர் மாதிரி நீட்டினான். அவளும் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பரம்பரையே அப்படி.

ஞாயிறு காலை. காற்று இல்லை. கடல் துணி விரித்த மாதிரி கிடந்தது. கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குணா ஜெட்டியிலேயே நின்றுகொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, எடை கூடும் என்றான். ஹமீது அண்ணன் தன் படகிலிருந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "மிஸ்ஸிக்கு. டால்ச்சா இல்ல, பயப்படாதீங்க."

அவள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரல் எலும்பு வெளுத்துத் தெரிந்தது. அவளுக்கும் பயம். எனக்கு அவளைவிடப் பயம்.

மெதுவாக வேகம் எடுத்தேன். பட்டனை அழுத்தினேன். மூக்கு தூக்கவில்லை. ஜெரெஜாக் தீவைப் பார்த்துத் திரும்பும்போது பெரிய படகு ஒன்று எங்களைக் கடந்து போனது. அது கிளப்பிய அலை வரிசையாக எங்களை நோக்கி வந்தது. நான் கடலைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னால பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

முதல் அலை. தட். இரண்டாவது. தட். மூன்றாவது வந்ததா என்பதே தெரியவில்லை. படகு அதன் மேல் ஏறி இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு கை கம்பியை விட்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கையும் விட்டது. அந்தக் கை காலடியில் இருந்த இரைப் பெட்டியைத் தேடியது.

"வலிக்கல" என்றாள். நான் கேட்கவே இல்லை.

நான் முன்னால் பார்த்து ஓட்டினேன். அதுதான் பாதுகாப்பு. கண்ணில் உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது. கடல் என்றால் தெறிக்காமல் இருக்குமா?

யார் யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதுகைத் திறந்து மூடிய டாக்டருக்கு. அன்று காலை பஞ்சால் அந்தப் பொட்டைத் துடைத்த, முகம்கூட எனக்குத் தெரியாத மிஸ்ஸிக்கு. வழி சொல்லி மீன் தலையும் வைத்த ஹமீது அண்ணனுக்கு. எல்லாம் தெரிந்தும் துடைக்க மனம் வராத குணாவுக்கு – நிஜமாகவே சொல்கிறேன், அந்த ஒழுகலுக்காகவும் சேர்த்து. இப்படி அக்காவை நேசிக்கிற ஒருவன் என் வீட்டுக்குள் வந்து போகிறான் என்று தெரிந்துகொள்ள ஒரு படகு ஒழுக வேண்டியிருந்தது. மூழ்கவில்லை, ஒழுகத்தானே செய்தது.

தீவின் நிழலில் நங்கூரம் போட்டோம். கோமதி இரையைக் குத்தினாள், வீசினாள், நரம்பை விரலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஹமீது அண்ணனின் பொட்டலத்தைப் பிரித்தேன். பாதியைத் தாண்டியிருப்பேன்.

"கெலாமா" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

கெலாமாதான். உள்ளங்கை அளவு. வெள்ளியாக மின்னிக்கொண்டு துள்ளியது. தூண்டில் முள்ளை நோகாமல் கழற்றி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தண்ணீரில் விட்டாள். "போ. வீட்டுல தேடுவாங்க."

மறுபடியும் இரை, மறுபடியும் வீச்சு. வெயில் ஏறியது. பெருநிலக் கரைப் பக்கம், பிறை ஊருக்கு மேலே, மேகம் கறுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். முதல் நாளே அதிகம் வேண்டாம் என்று தோன்றியது.

"கெளம்பலாமா?" என்றேன்.

அவள் நரம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க வேணும்னா போங்க."

நடுக்கடல். ஒரே படகு. நான் எங்கே போவது, சொல்லுங்கள்... நல்லவேளையாக, எங்கேயும் போக முடியாது.